1 ஜிபி ரேம் உள்ள பழைய மடிக்கணினிக்கு எந்த லினக்ஸ் பொருந்தும்?

வினா: இன்டெல் ஆட்டம் என்270 செயலியும் 1 ஜிபி ரேமும் கொண்ட என் பழைய மடிக்கணினியில், உலாவியின் இரண்டாவது தாவலைத் திறந்ததுமே வன்வட்டு கரகரவென்று ஓடத் தொடங்கி, சுட்டி நகராமல் நின்றுவிடுகிறது. மகள் தமிழ்த் தட்டச்சு பழகுவதற்காவது இதை மீட்க இயலுமா?

மறுமொழி 1: லுபுண்டு என்னும் லினக்ஸ் வகையை நிறுவிப் பாருங்கள், எளிமையானது.

மறுமொழி 2: அது இதற்கு உதவாது, நண்பரே. என்270 என்பது 32 பிட் செயலி, லுபுண்டு 19.04 பதிப்பிலிருந்தே 32 பிட் வடிவம் வெளிவருவதில்லை, டெபியன் என்னும் மற்றொரு லினக்ஸின் 13-ஆம் பதிப்பிலும் அதற்கான நிறுவி இல்லை. டெபியன் 12-ஐ அடிப்படையாகக் கொண்டு, ஐஸ்டபிள்யூஎம் என்னும் சிறிய சாளர மேலாளருடன் (திரையில் சாளரங்களைக் காட்டி நிர்வகிக்கும் மென்பொருள்) வரும் ஆன்டிஎக்ஸ் 23 என்னும் லினக்ஸின் 32 பிட் வடிவத்தைப் பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமலேயே முதலில் இயக்கிப் பாருங்கள்.

வினவியவர்: இயங்குகிறது! மிக்க நன்றி, ஐயா. மகள் தன் பெயரைத் தட்டச்சு செய்துவிட்டாள்.