நுமிடியா: பெயரின் விகுதியில் குழப்பம், உதவி தேவை

தேன்சிட்டு: இலத்தீன் பகுதி ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வட ஆப்பிரிக்காவின் பண்டைய நாடான நுமிடியா என்பது பெண்பால் என்று அகராதி சொல்ல, உடன்வரும் பெயரடையோ பெண்பாலில் இல்லை. போதாக்குறைக்கு நாட்டின் பெயர் பன்மையில் நிற்கிறது. நாளைக்குள் முடிக்க வேண்டும், விரைந்து உதவுங்கள்.

மருதன்: எந்த நூல், எந்த வரி?

கடலோடி: வேரைப் பிடித்தால் தெளிவாகிவிடும். மந்தையோடு அலைபவர் என்னும் பொருளில் கிரேக்கர் இம்மக்களை நோமடெஸ் என்றனர். கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸும் அப்படியே எழுதுகிறார். சொல்லின் இடையில் அகரம் இகரமாக மெலிவது பழைய இலத்தீன் இயல்பாதலால் அது நுமிடே ஆயிற்று.

ஏட்டறிஞன்: வரியைத் தராமல் விடை கேட்பவருக்கு வேரைச் சொல்லி என்ன பயன்? மாலுமியைக் குறிக்கும் நௌதா போன்ற ஆண்பாற் சொற்களும் ஆகாரத்தில் முடியும் என்பது தொடக்கப் பாடம். நுமிடா ஆள், நுமிடியா நாடு.

பனையோலை: நோமடெஸ் கதையை என்னால் ஏற்க முடியவில்லை. ரோமுக்குத் தானியம் அனுப்பிய நுமிடிய அரசர் மசினிசாவின் குடிகள் அனைவரும் நாடோடிகளா? செர்செல் ஊரில் கிடைத்த, கார்த்தேஜியரின் மொழியான பியூனிக்கில் அமைந்த கல்வெட்டு அவருடைய மகன் மிக்கிப்சாவை மசில்கள் என்ற நுமிடியக் குடியினரின் அரசன் என்றே குறிக்கிறது. அங்கே அரசுக்குப் பெயர் தருவது நிலமன்று, பன்மையில் நிற்கும் மக்கட்பெயர்.

தேன்சிட்டு: ரோம வரலாற்றாசிரியர் சல்லஸ்டின் 'யுகுர்தா போர்' என்னும் நூல். 'கெனுஸ் நுமிடாரும் இன்ஃபிடும்'.

மருதன்: இதை முதலிலேயே தந்திருக்கலாம். இன்ஃபிடும் தழுவுவது கெனுஸ் என்ற அஃறிணைப்பாற் சொல்லை. நுமிடாரும் என்பது நுமிடாவின் ஆறாம் வேற்றுமைப் பன்மை. நாட்டின் பெயராக இருந்தால் ஓர் இகரம் கூடி நுமிடியாரும் என்று வந்திருக்கும். 'நுமிடியர் இனம் நம்பத்தகாதது' என்று எழுதுங்கள்.

தேன்சிட்டு: பொருந்திவிட்டது, நன்றி.

கடலோடி: பனையோலை அவர்களே, கிமு 46இல் அம்மண்ணுக்கே ஆளுநராகச் சீசரால் அமர்த்தப்பட்ட சல்லஸ்ட், அவர்கள் தங்களைத் தாங்களே நோமடெஸ் என்று அழைத்துக்கொண்டதாக அதே நூலின் 18ஆம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறாரே?

பனையோலை: அப்படி அழைத்துக்கொண்டவர்கள் ஹெர்குலிஸின் படையோடு வந்து கெட்டூலியர் என்ற வட ஆப்பிரிக்க மக்களுடன் கலந்த பாரசீகர் என்றும் அதே அதிகாரம் சொல்கிறது. அதையும் சேர்த்தே நம்புகிறீர்களா, ஐயா?