செவலை நாயும் சாம்பல் நிறமும்: வளர்ப்பு நாயைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்த அனுபவங்கள்

தேனிக்காரன்:

எங்கள் வீட்டில் ஆறு ஆண்டுகளாக இருக்கும் கோம்பை இன நாய்க்குச் செம்பி என்று பெயர். உடல் முழுக்கச் செவலை. மூஞ்சி மட்டும் அடுப்புக்கரியில் முக்கி எடுத்தது போலக் கறுப்பு. அவளைக் கறுப்பு வெள்ளையில் ஒரு நல்ல படம் எடுத்துச் சட்டம் போட்டு மாட்ட வேண்டும் என்று பொங்கல் விடுமுறையில் தொடங்கிய வேலை, சித்திரை வரை இழுத்துக்கொண்டு போனது. அதில் நான் செய்த தவறுகளையும் கண்டுகொண்டவற்றையும் எழுதுகிறேன். உங்கள் நாய்களோடு உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள்.

முதல் தவறு படமெடுக்கும் முன்பே நடந்துவிட்டது. கேமராவை மோனோக்ரோம் (கறுப்பு வெள்ளை) நிலையில் வைத்து, கேமராவே முடித்துச் சுருக்கித் தரும் ஜேபெக் கோப்பாக மட்டும் பதியும்படி விட்டுவிட்டேன். கேமராவின் சின்னத் திரையில் எல்லாம் அழகாகத்தான் தெரிந்தது. தோட்டத்துப் புல்லில் அவளை உட்கார வைத்து எடுத்த நாற்பது படங்களையும் கணினியில் திறந்து பார்த்தபோது, கறுப்பு மூஞ்சி மட்டும் அந்தரத்தில் மிதந்தது. உடல் எங்கே முடிகிறது, புல் எங்கே தொடங்குகிறது என்று கண் தடுமாறியது. நிறத் தகவல் எதுவும் கோப்பில் மிஞ்சியிராததால் அவற்றைச் சரிசெய்யவும் வழியில்லை.

மறுநாள், கேமராவில் விழுந்த தகவலை அப்படியே சேமிக்கும் ரா கோப்பாக எடுத்தேன். மோனோக்ரோம் நிலையை மாற்றவில்லை, ஏனென்றால் ரா கோப்பைப் பொறுத்தவரை அது திரையில் காட்டும் முன்தோற்றத்தை மட்டுமே மாற்றும். நிறங்கள் உள்ளே அப்படியே இருக்கும். வெளிச்சமும் நிழலும் எப்படி விழுகின்றன என்பதை எடுக்கும்போதே பார்த்துக்கொள்ள இது மிகவும் உதவியது. ஆனால் கணினியில் நிறத்தை முழுவதுமாகக் குறைத்ததும் அதே பழைய கோளாறு திரும்பி வந்தது. அப்போதுதான் எண்களைப் பார்த்தேன். செம்பியின் விலாவில் ஓரிடத்தில் சிவப்பு 160, பச்சை 100, நீலம் 60 என்று மென்பொருள் காட்டியது. பக்கத்துப் புல்லில் 95, 130, 50 என்று இருந்தது. வண்ணத்தைச் சாம்பலாக்கும் வழக்கமான கணக்கு ஒன்று, மனிதக் கண் எந்த நிறத்தை எவ்வளவு வெளிச்சமாக உணர்கிறது என்பதை ஒட்டி, சிவப்பில் ஏறத்தாழ 30 விழுக்காடும் பச்சையில் 59 விழுக்காடும் நீலத்தில் 11 விழுக்காடும் எடுத்துக் கூட்டுவதாகும். அப்படிக் கூட்டிப் பார்த்தால் நாய்க்கு 113, புல்லுக்கு 110. வண்ணத்தில் நேரெதிராக நின்ற இரண்டும் ஒரே சாம்பலாகிப் போனதன் மர்மம் அவ்வளவுதான்.

அதன் பிறகு நிறத்தைக் குறைக்கும் ஸ்லைடரை விட்டுவிட்டு, ஒவ்வொரு நிறமும் எவ்வளவு வெளுக்க வேண்டும், எவ்வளவு கறுக்க வேண்டும் என்று தனித்தனியே சொல்ல இடம் தரும் கறுப்பு வெள்ளைப் பகுதிக்குப் போனேன். படங்களைத் திருத்தும் லைட்ரூம் மென்பொருளில் இதற்கு எட்டு ஸ்லைடர்கள் உண்டு. இலவச மென்பொருளான கிம்ப்பில், சிவப்பு, பச்சை, நீலத்தின் பங்கை மாற்றும் சேனல் மிக்ஸரைக் கொண்டு ஏறத்தாழ இதே வேலையைச் செய்யலாம். ஆரஞ்சை ஏற்றி, பச்சையையும் மஞ்சளையும் இறக்கியதும், புல் இருண்டு பின்வாங்க, செம்பி அதன் மேல் எழுந்து வந்து உட்கார்ந்தாள். மூஞ்சியின் கறுப்புக்கு நிறம் என்று எதுவும் இல்லாததால் எந்த ஸ்லைடரும் அதை அசைக்கவில்லை. உடல் வெளுக்க வெளுக்க அது இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது.

கை சும்மா இருக்கவில்லை. ஆரஞ்சை மேலும் மேலும் ஏற்றியதில் உடல் சுண்ணாம்பு அடித்தது போலாகி, முதுகின் ஓரத்தில் வெள்ளைக் கோடு ஒன்று ஒளிவட்டம் போலத் தோன்றியது. சிவப்பையும் கூடவே ஏற்றியிருந்ததால், தொங்கிய நாக்கு காகிதத் துண்டு போல வெளுத்துவிட்டது. அப்பா எட்டிப் பார்த்து, "இது நம்ம நாயே இல்லடா, ராஜபாளையத்து வெள்ளை நாய்டா" என்றார். அவர் சொன்னது சரிதான். சிவப்பைப் பழைய இடத்துக்கு இறக்கி, ஆரஞ்சைப் பாதியாக்கியதில் அவள் மறுபடியும் செம்பியானாள்.

படமெடுப்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாயின் மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவே கிட்டத்தட்ட அரைச் சாண் தூரம் இருக்கிறது என்பதை 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8 என்னும் அகலத் திறப்பில் வைத்து நெருங்கி எடுத்தபோதுதான் உணர்ந்தேன். மூக்கின் ஈரம் வரை துல்லியமாக விழுந்தது, கண் பனிமூட்டத்தில் இருந்தது. இரண்டும் துல்லியமாக விழத் திறப்பைச் சுருக்கி எஃப் 5.6-க்கு மாற்றினேன். நாய் இரைக்கும்போது தலை முழுவதும் ஆடுவதால் ஷட்டர் வேகத்தை 1/500 நொடிக்குக் கீழே இறக்கவில்லை. தரையில் குப்புறப் படுத்து அவள் கண் மட்டத்திலிருந்து எடுத்த படங்களே தேறின. படுத்த ஒவ்வொரு முறையும் அவள் வந்து லென்ஸை நக்கிவிட்டுப் போனது தனிக்கதை.

சட்டம் மாட்டுவதில் வீட்டில் ஒரு சிக்கல் வந்தது. அதைப் பிறகு எழுதுகிறேன்.

கரிசல்காட்டான்:

உங்களுக்குப் புல்லோடு கலந்தது. எனக்கு இருட்டோடு கலந்தது. எங்களிடம் இருப்பது கன்னி இன நாய். உடல் கறுப்பு, கால்களிலும் கண்களுக்கு மேலேயும் பழுப்புப் பொட்டுகள். கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கவே முயலும் என்பதால், சட்டகம் முழுக்கக் கறுப்பு நாய் நிற்கும்போது தேவைக்கு மேல் வெளிச்சத்தை உள்ளே விட்டது. நாய் சாம்பலாகவும், பின்னால் இருந்த சுவர் வெறும் வெள்ளையாகவும் வந்தன. எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது உள்ளே விழும் ஒளி பாதியாகும்படி, குறைத்த பிறகே நாய் கறுப்பானது. ஆனால் கறுப்பானதோடு சரி, கரிக்கட்டியாகவும் ஆகிவிட்டது.

கறுப்பு முடியில் உருவத்தைக் காட்டுவது அதன் மேல் வழியும் மினுமினுப்புதான் என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. நேர் எதிரே இருந்து விழும் வெளிச்சத்தில் அது தெரிவதில்லை. கதவை ஒருக்களித்துத் திறந்து வைத்து, பக்கவாட்டிலிருந்து ஒளி விழும்படி நாயை நிறுத்தியதும், விலா எலும்புகளும் தோள் தசையும் கோடு கோடாகத் தெரிந்தன. வண்ணத்தில் அந்த மினுமினுப்பு வானத்தின் நீலத்தை வாங்கிக்கொண்டு நாய்க்கு நீலம் போட்டது போல இருக்கும். கறுப்பு வெள்ளையில் அந்தத் தொல்லை ஒழிந்தது. நீங்கள் சொன்ன ஆரஞ்சு ஸ்லைடரை ஏற்றியபோது கண்ணுக்கு மேலுள்ள இரண்டு பொட்டுகளும் விளக்கேற்றியது போலத் தெரிந்தன.

ஒரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன். முதலில் ஃபிளாஷ் போட்டு எடுத்திருந்தேன். நாயின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று இருப்பதால் கண்கள் பச்சையாக எரிந்தன. கறுப்பு வெள்ளையாக்கினால் பச்சை மறைந்துவிடும் என்று நம்பினேன். பச்சை மறைந்தது, அதன் இடத்தில் இரண்டு வெள்ளைத் தட்டுகள் வந்து உட்கார்ந்தன. என் மகள் அந்தப் படத்தைப் பார்த்து அழுதேவிட்டாள்.

மழைத்துளி:

கறுப்பு நாய்க்கு எக்ஸ்போஷரைக் குறைக்க வேண்டும் என்பதை நான் அப்படியே ஏற்கமாட்டேன். ரா கோப்பாக எடுப்பவர், பின்னணி வெளுத்துப் போகாத அளவுக்கு வெளிச்சத்தைத் தாராளமாக விட்டுவிட்டுக் கணினியில் இருட்டாக்கிக்கொள்வதே நல்லது. இருட்டாக எடுத்ததைப் பிறகு வெளிச்சமாக்கினால் நிழல்களில் புள்ளி புள்ளியாக இரைச்சல் வரும்.

இன்னொன்று. நாய்களுக்கு உலகமே கறுப்பு வெள்ளைதான், அதனால் இந்தப் படங்கள் அவற்றுக்குப் பொருத்தம் என்று பலர் எழுதுகிறார்கள். அது தவறு. நமக்கு மூன்று வகை நிற உணர் செல்கள் இருப்பது போல அவற்றுக்கு இரண்டு வகை உண்டு. நீலமும் மஞ்சளும் நன்றாகவே தெரியும், சிவப்புக்கும் பச்சைக்கும் இடையில்தான் குழம்பும். அந்த வகையில் பார்த்தால், தேனிக்காரன் தூக்கிப் போட்ட நாற்பது படங்கள் பக்கத்து வீட்டு நாயின் பார்வைக்குச் சற்று நெருக்கமானவையாக இருக்கலாம்.

வெளிச்சம்தேடி:

தேனிக்காரனின் அப்பா ராஜபாளையத்து நாயைக் குறிப்பிட்டதால் என் அனுபவத்தை எழுதுகிறேன். 2005 ஜனவரியில் அஞ்சல் துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்கு அஞ்சல்தலைகள் வெளியிட்டபோது அவற்றில் ஒன்று ராஜபாளையம். பள்ளி நாளில் அதைச் சேகரித்து வைத்திருந்த எனக்கு, அந்த நாயை நேரில் படமெடுக்கும் வாய்ப்பு சென்ற ஆண்டுதான் நண்பர் வீட்டில் கிடைத்தது. வெள்ளை முடி, இளஞ்சிவப்பு மூக்கு, தேன் நிறக் கண்கள்.

நாயைத் திரும்பிப் பார்க்க வைக்க நான் வழக்கமாக விசில் அடிப்பேன், நாக்கைச் சொடுக்குவேன், கடைசியாகக் கருவாட்டுத் துண்டை எடுப்பேன். அன்று கால் மணி நேரம் விசில் அடித்தும் அவள் காதைக்கூட அசைக்கவில்லை. என்ன திமிர் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, நண்பரின் தாயார் உள்ளிருந்து வந்து, "தம்பி, அவளுக்குக் காது கேக்காதுப்பா, பொறவியிலேருந்தே அப்படித்தான்" என்றார். ராஜபாளையம் நாய்களில் பிறவிச் செவிடு காணப்படுவது பற்றி நான் படித்திருந்தேன். அந்த நேரத்தில் அது நினைவுக்கே வரவில்லை. அவர் தம் குதிகாலால் சிமெண்டுத் தரையை இரண்டு முறை தட்டினார். அதிர்வை உணர்ந்து அவள் தலையைத் திருப்பி நேராக லென்ஸைப் பார்த்தாள். எதையோ கேட்டு விறைத்த காதுகள் இல்லாமல், கேள்வி எதுவும் இல்லாத ஒரு பார்வை. விசிலுக்குத் திரும்பும் நாயிடம் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

எக்ஸ்போஷர் கதை இங்கே தலைகீழ். ஒளிமானி வெள்ளை நாயை அழுக்குச் சாம்பலாக்கியதால் ஒரு ஸ்டாப் கூட்டினேன். முதுகில் வெயில் பட்ட இடத்தில் முடியின் விவரம் அழிந்துவிடாமல் வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பார்த்துக்கொண்டு, பிறகு பந்தல் நிழலுக்கே அவளை நகர்த்திவிட்டோம். கறுப்பு வெள்ளையாக்கும்போது கோம்பைக்கு நீங்கள் செய்ததை நான் இதற்குச் செய்திருந்தால் மூக்கே காணாமல் போயிருக்கும். சிவப்பையும் அதையொட்டிய மெஜந்தாவையும் ஏற்றினால் இளஞ்சிவப்பு மூக்கு வெளுத்து முகத்தோடு கரைந்துவிடுகிறது. இறக்கினால் மூக்கு, உதடு, கண்ணிமை மூன்றும் பென்சிலால் வரைந்தது போல எழுகின்றன. பின்னால் இருந்த நீலச் சுவரை இருட்டாக்க நீலத்தையும் முழுவதுமாக இறக்கிப் பார்த்தேன். சுவர் சொரசொரத்துப் போனதால் பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

பழைய ஸ்டூடியோக்காரர்:

இந்த ஸ்லைடர்கள் செய்யும் வேலையை எங்கள் காலத்தில் லென்ஸின் முன்னால் திருகிய வண்ணக் கண்ணாடி செய்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் திண்டுக்கல் பக்கம் ஒரு பண்ணை வீட்டில் வேட்டை நாய் ஒன்றைப் படமெடுக்க அழைத்திருந்தார்கள். அதுவும் செவலைதான். உதகையில் இருந்த ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தின் 'இந்து' ரோல் பிலிம், ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு சதுரப் படங்கள். ஆரஞ்சு ஃபில்டரைப் போட்டால் செவலை வெளுக்கும், செடிகொடிகள் இருளும் என்பது தெரியும். ஆனால் அந்த ஃபில்டர் இரண்டு ஸ்டாப் அளவுக்கு ஒளியை விழுங்கிவிடும். அதை ஈடுகட்ட ஷட்டரை மெதுவாக்கியதில் பன்னிரண்டில் ஒன்பது படங்களில் நாய்க்கு இரண்டு தலை. மீதி மூன்றில் ஒன்றை புரோமைடு பேப்பரில் பெரிதாக்கிக் கொடுத்தேன். மூஞ்சியின் மேல் சற்றுக் கூடுதலாக ஒளி விழாமல் இருக்கச் சிறு அட்டையை அசைத்து மறைத்துக்கொண்டே இருந்தது இன்றும் கை நினைவில் இருக்கிறது.

என் ஆசிரியர் தம் இளமையில் சிவப்பை உணராத ஆர்த்தோக்ரோமேடிக் தகடுகளில் எடுத்தவர். அதில் செவலை மாடும் செவலை நாயும் கறுப்பாகத்தான் வரும் என்றும், வாடிக்கையாளர்கள் "எங்க மாடு இது இல்லையே" என்று சண்டைக்கு வந்ததுண்டு என்றும் சொல்வார்.

தேனிக்காரனின் வீட்டுச் சிக்கல் என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன்.

தேனிக்காரன்:

ஐயா ஊகித்தது சரியாகத்தான் இருக்கும். படத்தை அச்சிட்டுக் கொண்டுவந்தபோது அம்மா கேட்ட முதல் கேள்வி, "ஏண்டா, உசுரோட இருக்கிற பிள்ளைய எதுக்குடா இப்படிப் போட்டிருக்க?" என்பதுதான். எங்கள் கூடத்துச் சுவரில் கறுப்பு வெள்ளையில் இருப்பவர்கள் தாத்தாவும் அப்பத்தாவும் மட்டும்; இருவருக்கும் சந்தனப் பொட்டும் சிவப்பு மின்விளக்கும் உண்டு. அந்த வரிசையில் செம்பியை வைப்பதை அவர் நினைத்துப் பார்க்கவும் விரும்பவில்லை. நிறம் இருக்கும் படத்தைப் பெரிதாக்கிக் கொண்டுவா என்றார். நான் வாதாடவில்லை.

முதல் அச்சும் சரியாக வரவில்லை என்பது இதில் எனக்கு ஒரு வகையில் உதவியது. வண்ணப் படங்களுக்கான தாளிலேயே அச்சிட்டுக் கொடுத்திருந்ததால் சாம்பல் முழுவதும் லேசாகப் பச்சை பாய்ந்து, செம்பிக்கு உடம்பு சரியில்லாதது போல இருந்தது. அம்மாவின் அச்சத்தை அந்தப் பச்சையும் கொஞ்சம் கூட்டியிருக்க வேண்டும். பிறகு மதுரையில், சாம்பல் மைகள் தனியாக உள்ள இங்க்ஜெட் இயந்திரத்தில், பளபளப்பில்லாத தாளில் மறுபடியும் அச்சிட்டேன். எடுத்த படத்தையும் மாற்றினேன்: நிமிர்ந்து உட்கார்ந்து கம்பீரமாகப் பார்க்கும் படத்துக்குப் பதிலாக, லென்ஸை நக்க வரும்போது ஒரு காது மடங்கி, நாக்கு பாதி வெளியே நீண்டிருக்கும் படம்.

அதைப் பார்த்து அம்மா சிரித்துவிட்டார். இருந்தாலும் கூடத்தில் இடமில்லை என்பதில் உறுதியாக இருந்தார். இப்போது அது வாசல் திண்ணைக்கு மேலே, மின்சார மீட்டருக்குப் பக்கத்தில் தொங்குகிறது. அதன் கீழேதான் செம்பி மதியம் படுத்துக்கொள்கிறாள். மீட்டர் அளவெடுக்க வருபவர் படத்தையும் பார்த்து, நாயையும் பார்த்து, தெருவிலேயே நின்று குரல் கொடுக்கிறார்.