நர்கிஸ் புயலுக்குப் பிறகு பர்மாவின் ஐராவதி டெல்டாவில் பழைய சனம் திரும்பிவிட்டதா?

பியாப்போன் பேரன்:
வணக்கம். இருப்பது ரங்கூனில், பூர்வீகம் டெல்டாவில் பியாப்போன் பக்கம். 2008 மே 2 ராத்திரி அடித்த புயலில் இறந்தவர்கள், காணாமல் போனவர்கள் சேர்த்து சுமார் 1,38,000 பேர் என்கிறார்கள். இப்போது அங்கே போனால் கடைத்தெரு நிறைய ஆள், பள்ளிக்கூடம் நிறையப் பிள்ளைகள். ஆனால் எங்கள் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் ரங்கூன் ஓரத்து ஃபேக்டரிப் பகுதியான லாயிங் தாயாவில்தான் இருக்கிறார்கள். சனத்தொகை மீண்டுவிட்டது என்று சொல்லலாமா?

மூர் தெருக்காரர்:
தலைக்கணக்கை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள் தம்பி. புயலுக்கு முந்தைய சரியான கணக்கே நம்மிடம் கிடையாது. 1983க்கு அப்புறம் 2014இல்தான் நாடு முழுக்கக் குடிக்கணக்கு எடுத்தார்கள், நடுவில் இருந்ததெல்லாம் உத்தேசம். அந்த 2014 கணக்கில் ஐராவதியிலிருந்துதான் ஏகப்பட்ட பேர் வெளியேறியிருந்தார்கள், பெரும்பாலும் ரங்கூனுக்கு. எல்லாவற்றையும் புயல் தலையில் கட்டவும் முடியாது, நிலமில்லாத கூலிக் குடும்பங்கள் முன்பே போய்க்கொண்டுதான் இருந்தன. ஆனால் எருமையும் விதைநெல்லும் போய், வயலில் உப்புத்தண்ணீர் ஏறி, நிலக்காரரே கடனில் நின்றபோது கூலி வேலை எங்கே இருந்து வரும்? மிச்சம் இருந்தவர்களும் கிளம்பிவிட்டார்கள்.

போகலே பெண்:
அண்ணன் சொல்வது சரி, ஆனால் யார் செத்தார்கள் என்பதையும் பாருங்கள். அரசும் ஆசியானும் ஐ.நா.வும் புயலடித்த வருடமே சேர்ந்து எடுத்த மதிப்பீட்டில் இறந்தவர்களில் 61 சதவீதம் பெண்கள். பன்னிரண்டு அடிக்குத் தண்ணீர் ஏறும்போது ஆம்பிளைகள் தென்னையைக் கட்டிப் பிடித்துத் தப்பினார்கள், இடுப்பில் ஒரு பிள்ளை கையில் ஒரு பிள்ளை என்று நின்றவள் எதைப் பிடிப்பாள்? எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு குடும்பத்தில் தகப்பனும் இரண்டு பையன்களும் மட்டும் மிஞ்சினார்கள். அவர் மறுமணம் செய்துகொண்டார், அப்புறம் மூன்று பிள்ளைகள். எண்ணிப் பார்த்தால் அந்த வீட்டில் ஆள் குறையவே இல்லை. செத்துப்போன அந்தத் தாயையும் அவள் பெண்பிள்ளைகளையும் எந்தக் கணக்கில் சேர்ப்பது? தப்பிய பெண்பிள்ளைகளும் பலர் வயது வந்ததும் தையல் ஃபேக்டரிக்குப் போய்விட்டார்கள்.

பியாப்போன் பேரன்:
நன்றி அக்கா, படித்ததும் மனசு கனத்துப்போச்சு. ஆனால் 2021இல் எங்கள் ஆட்கள் சிலர் ஊருக்கே திரும்பினார்களே?

மூர் தெருக்காரர்:
ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, அந்த மார்ச்சில் லாயிங் தாயாவில் துப்பாக்கிச் சூடும் ராணுவச் சட்டமும் வந்து, ஃபேக்டரிகள் மூடியதால் மூட்டை கட்டியவர்கள் அவர்கள். ஊரில் பிழைப்பு இருக்கிறது என்று நம்பி யாரும் போகவில்லை. ஒரு வீட்டில் யார் யார் என்று அரசு பதிந்து வைக்கும் வீட்டுப் பட்டியலையும் நம்பாதீர்கள், போய்ப் பல வருடம் ஆனவர்கள் பெயரெல்லாம் இன்னும் அதில் இருக்கும். அடுத்த முறை போகும்போது நாற்று நடவுக்கு ஆள் எங்கிருந்து வருகிறது என்று விசாரியுங்கள், உள்ளூரிலேயே கிடைக்கிறதா, வெளியிலிருந்து கூட்டி வருகிறார்களா என்று. கேட்டுவிட்டு இங்கேயே எழுதுங்கள்.