சிகாகோ சன் நாளிதழுக்கு ஏபி கூட்டுறவு கதவடைத்ததில் பதிலாள் வாக்கின் பங்கு என்ன?

கேள்வி: 1942-இல், நாளிதழ்கள் சேர்ந்து செய்தி திரட்டும் அமெரிக்கக் கூட்டுறவான அசோசியேட்டட் பிரஸ் (ஏபி) அமைப்பின் உறுப்பினர்கள், மார்ஷல் ஃபீல்டின் சிகாகோ சன் நாளிதழைச் சேர்க்க மறுத்து 684-க்கு 287 என்று வாக்களித்தனர். கூட்டத்திற்கு வராதவரும் பதிலாள் மூலம் வாக்களிக்கலாம் என்ற விதி, பழைய உறுப்பினரும் போட்டியாளருமான சிகாகோ டிரிபியூனுக்குச் சாதகமாக அமைந்ததா?

பதில் 1: விதி பொதுவானது, ஃபீல்டின் ஆதரவாளர்களும் அதைப் பயன்படுத்தலாம். ஆயினும் ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட இதழ்கள் நாடெங்கும் சிதறிக் கிடந்த அமைப்பில், தன் ஊரிலும் நாளை ஒரு போட்டியாளர் முளைக்கலாம் என்று அஞ்சும் உறுப்பினர், நேரில் வந்தாலும் பதிலாளை அனுப்பினாலும், மறுப்புப் பக்கமே சாய்வார் என்பது என் கருத்து.

பதில் 2: ஐயா சொல்வது சரி. வாக்கு முறையைவிட அன்றைய நுழைவு விதிகளே கொடியவை. போட்டியில்லாத ஊர் என்றால் இயக்குநர் குழுவே சேர்த்துக்கொள்ள முடிந்தது. போட்டி இருந்து, பழைய உறுப்பினர் இசையாவிட்டால், பெரும்பான்மை வாக்கோடு, 1900 அக்டோபர் முதல் அதே போட்டிக் களத்தின் பழைய உறுப்பினர்கள் செலுத்திய கட்டணத்தில் 10 விழுக்காட்டையும் கட்ட வேண்டியிருந்தது. இது கூட்டுறவுக்கே அடாத செயல்.

பதில் 3: அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 1945-இல் 5-க்கு 3 என்ற தீர்ப்பில் இவ்விதிகளையே சாடியது. செய்தி வெளியிடும் உரிமை, பிறரை வெளியிடவிடாமல் கூட்டுச் சேர்ந்து தடுக்கும் உரிமையாகாது என்று நீதிபதி பிளாக் எழுதினார். புதியவரைச் சேர்ப்பதில் போட்டியைக் கணக்கில் கொள்ளக்கூடாது என்றாகிவிட்டபின், எவர் கையில் எத்தனை பதிலாள் வாக்குகள் என்பது பொருளற்றுப்போனது.