வீட்டுக்கு எதிரே கடலில் ஹெலிகாப்டர்: முதலில் இறங்கும் கயிறு எதற்கு?

வடகடல்வாசி:
ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லாந்து தீவுகளின் தென்பகுதியில், சம்பரோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம். மனைவிக்கு இங்கத்திய முக்கிய ஊரான லெர்விக்கில் நர்ஸ் வேலை. நான் வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறேன். மேசையைக் கடலைப் பார்த்துப் போட்டுவிட்டதால் கணக்கு மெதுவாகத்தான் நகர்கிறது.

கடலோரக் காவல் ஹெலிகாப்டருக்கு இங்கேதான் தளம். சிவப்பும் வெள்ளையும் அடித்த பெரிய ஹெலிகாப்டர். நேற்று ஒரு மீன்பிடிப் படகுக்கு மேலே வந்து நின்றது. ஆள் இறங்குவார் என்று பைனாகுலரை எடுத்தால், இறங்கியது நுனியில் சின்ன மூட்டை கட்டிய மெல்லிய கயிறு! படகிலிருந்தவர் அதைப் பிடித்ததும் ஹெலிகாப்டர் ஒதுங்கிப் போய்விட்டது. அப்புறம்தான் ஆள் இறங்கினார், அதுவும் சரிவாக. ஏன் இந்தச் சுற்றுவழி? கப்பல்காரர்கள் யாராவது சொல்லுங்களேன்.

இன்னொன்று: இரவில் அது வீட்டுக்கு மேலே போனால் பையன் டார்ச் அடித்துக் காட்டுகிறான். அடிக்கலாமா?

முத்துநகர் மாலுமி:
சார், நான் சரக்குக் கப்பலில் சீஃப் ஆபிசர். குடல்வால் வலியில் துடித்த எங்கள் சமையல்காரரை இப்படித்தான் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அது ஹை லைன், அதாவது இறங்கும் ஆளுக்கு வழிகாட்டும் கயிறு. மூட்டை வெறும் எடைக்கு. கயிற்றின் மறுமுனை, ஆளை ஏற்றி இறக்கும் வின்ச்சின் கொக்கியோடு சேர்ந்திருக்கும். படகில் கம்பம், ஆண்டெனா என்று ஏகப்பட்டது நீட்டிக்கொண்டிருக்கும். சும்மா இறக்கினால் ஆள் ஊசலாடி எதிலாவது மோதுவார். கயிறு கையில் இருந்தால் டெக்கில் நிற்பவர்களே அவரை வேண்டிய இடத்துக்கு இழுத்துக்கொள்ளலாம்.

ஒதுங்கி நிற்பது பைலட்டுக்காக. நேர் மேலே நின்றால் அவருக்குப் படகே தெரியாது. கதவோரம் இருக்கும் வின்ச் ஆபரேட்டர் 'முன்னால், வலது, நில்' என்று சொல்லிக்கொண்டே இருப்பார், அதை நம்பித்தான் பறக்க வேண்டும். வின்ச் வலப்பக்கக் கதவில் இருப்பதால் பெரும்பாலும் கப்பலின் இடப்பக்கம்தான் வரும். நாங்களும் காற்று இடது முன்பக்கம் படும்படி திருப்பி, ஒரே வேகத்தில் ஓட்டுவோம். நிறுத்தினால் கப்பல் கண்டபடி உருளும்.

அந்தக் கயிற்றை எதிலும் கட்டவே கூடாது. கட்டினால் ஹெலிகாப்டரையே கப்பலோடு கட்டியதாகிவிடும். கையுறை போட்டுப் பிடித்து, மிச்சத்தைக் காலில் சிக்காமல் வாளிக்குள் விட வேண்டும். கொக்கி முதலில் தண்ணீரையோ டெக்கையோ தொடட்டும். ஹெலிகாப்டரில் சேர்ந்திருக்கும் மின்சாரம் பலமாக அடிக்கும். எங்கள் போசன் (டெக் ஆட்களுக்கு மேஸ்திரி) அவசரப்பட்டுக் கை வைத்து, அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பழைய லெர்விக்காரி:
லெர்விக்கில் சில காலம் வேலை பார்த்தேன். கப்பல்களுக்கு மட்டுமல்ல, ஃபேர் ஐல் மாதிரி குட்டித் தீவுகளில் யாருக்காவது நெஞ்சுவலி என்றாலும் இதே ஹெலிகாப்டர் போகும். லெர்விக்கில் கிளிக்கிமின் என்ற இடத்தில் இறங்கும், ஆம்புலன்ஸ் காத்திருக்கும். கிளம்புவதற்கும் கெடு உண்டு: அழைப்பு வந்தால் பகலில் 15 நிமிடத்துக்குள், இரவில் 45 நிமிடத்துக்குள் கிளம்ப வேண்டும் என்பது கணக்கு.

அங்கே பழைய ஆட்களிடம் 'கிரீன் லில்லி' பற்றிக் கேளுங்கள். 1997 நவம்பரில் எஞ்சின் நின்றுபோய் பிரெஸ்ஸே தீவின் பாறையில் மோதிய கப்பல். கரையிலிருந்து போன மீட்புப் படகு 5 பேரை எடுத்தது, ஹெலிகாப்டர் 10 பேரை. டெக்கில் நின்று அந்தப் பத்துப் பேரையும் மேலே அனுப்பிய வின்ச்மேன் (ஹெலிகாப்டரிலிருந்து இறங்கி மீட்பவர்) பில் டீக்கனை அலை அடித்துக்கொண்டு போய்விட்டது. மறைவுக்குப் பின் வீரத்துக்கான ஜார்ஜ் மெடல் கொடுத்தார்கள்.

டார்ச் வேண்டாம். பைலட்டுகள் இரவுப் பார்வைக் கண்ணாடி போட்டிருப்பார்கள், சின்ன வெளிச்சமும் அதில் பெரிதாக அடிக்கும்.

வடகடல்வாசி:
இருவருக்கும் நன்றி. பில் டீக்கன் பற்றிப் பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம் கேட்டேன். தேநீர் ஆறும்வரை பேசினார். டார்ச்சைப் பிடுங்கி வைத்தாயிற்று. இப்போது பையன் ட்ரோன் விடலாமா என்கிறான்.

முத்துநகர் மாலுமி:
மூச்! பேச்சே கிடையாது. பைனாகுலரை அவன் கையில் கொடுங்கள், நீங்கள் கணக்கைப் பாருங்கள்.