போர்ட் வைன் மச்சத்துக்கு லேசர்: குழந்தைக்குப் பண்ணினவங்க சொல்லுங்களேன்

பாப்பாவுக்கு 7 மாசம். பிறந்ததிலிருந்தே இடது கன்னம், மேல் இமை முழுக்கச் சிவப்பா படர்ந்த மச்சம், அழுதா கருஞ்சிவப்பாயிடும். பல்ஸ்டு டை லேசர் ஆரம்பிக்கலாம்னு டாக்டர் சொல்றார். அந்த 595 நானோமீட்டர் ஒளியை ரத்தத்துல உள்ள ஹீமோகுளோபின் உறிஞ்சி, சூட்டுல நுண்குழாய்கள் அடைபட்டுடுமாம். சில வார இடைவெளியில பல தடவை பண்ணணும். இமையிலயும் இருக்கறதால கண் அழுத்தம் பாத்தாச்சு, இப்போதைக்கு நார்மல்.

உங்க குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்தாங்களா, மரத்துப்போற கிரீமே போதுமா இருந்துச்சா? அப்புறம் வர்ற ஊதாக் கன்றல் எத்தனை நாள்ல மறைஞ்சுது? வெயில் படாம எப்படிப் பாத்துக்கிட்டீங்க? இவ தொப்பி போட்ட மறுநிமிஷம் பிடுங்கி எறியறா.

'வளர்ந்தா தானா போயிடும்'னு மட்டும் சொல்லாதீங்க, ப்ளீஸ். அது ஹெமாஞ்சியோமாங்கற ரத்தக்குழாய்க் கட்டிக்கு, இது அப்படிப் போகாது.