டெபியன் 12: சூடோ மறுக்கிறது, ஆப்ட் டிஸ்க் கேட்கிறது, ஐபஸ்-எம்17என் பாதியில் நிற்கிறது

மருதநிலம் கேட்டது:

வணக்கம். டெபியன் 12 (புக்வார்ம்) லினக்ஸ், 64 பிட், குனோம் டெஸ்க்டாப். டிவிடி-1 ஐஎஸ்ஓவைப் பென்டிரைவில் எழுதி, இணையம் இல்லாமலே நிறுவிய கணினி. நிறுவும்போது ரூட்டுக்கு (முழு உரிமையுள்ள நிர்வாகிக் கணக்கு) தனிக் கடவுச்சொல் கொடுத்தாயிற்று. இப்போது கேபிள் வழியாக இணையம் வருகிறது, பிரவுசரும் ஓடுகிறது. வேண்டியது தமிழ்99 தட்டச்சு. அதற்காக ஐபஸ்-எம்17என் என்ற தட்டச்சு பேக்கேஜ் (நிறுவும் மென்பொருள் தொகுப்பு).

பிழைகள், வந்த வரிசைப்படி:

1. 'சூடோ ஆப்ட் அப்டேட்' கொடுத்தால் (சூடோ ரூட் உரிமையோடு கட்டளையை ஓட்டுவது, ஆப்ட் பேக்கேஜ்களைத் தேடி நிறுவுவது), பயனர் பெயர் சூடோயர்ஸ் கோப்பில், அதாவது சூடோ அனுமதிப் பட்டியலில், இல்லை என்கிறது.

2. 'எஸ்யூ' கொடுத்து ரூட்டாக மாறி 'ஆப்ட் அப்டேட்' ஓட்டினால், சிடிராம் முகவரியில் ரிலீஸ் கோப்பு (பேக்கேஜ் பட்டியலின் விவரக் கோப்பு) இல்லை என்கிறது. 'ஆப்ட் இன்ஸ்டால்' கொடுத்தால் டிஸ்கைப் போட்டு என்டர் தட்டச் சொல்லி நிற்கிறது.

3. உபுண்டு 24.04 லினக்ஸுக்கான டெப் கோப்பை (பேக்கேஜ் கோப்பு) இறக்கி, அதை நேரடியாக நிறுவும் 'டிபிகேஜி -ஐ' கொடுத்தால், எல்டிகான்ஃபிக், ஸ்டார்ட்-ஸ்டாப்-டீமன் என்ற நிரல்கள் இரண்டும் பாத்தில் (கட்டளைகளைத் தேடும் கோப்புறைப் பட்டியல்) இல்லை என்று நின்றுவிட்டது.

4. ரூட்டாகவே லாகின் செய்து மறுபடி ஓட்டியதும் கோப்பு பிரிந்தது. ஆனால் லிப்கிலிப்2.0-0டி64 என்ற லைப்ரரி (மற்ற நிரல்கள் பயன்படுத்தும் பொது நிரல்தொகுப்பு) நிறுவப்படவில்லை, அதனால் கன்ஃபிகர் செய்யாமல் விடுகிறேன் என்றது. அதிலிருந்து எந்தப் பேக்கேஜைக் கேட்டாலும் 'சார்புகள் (அதற்குத் தேவையான மற்ற பேக்கேஜ்கள்) நிறைவேறவில்லை, ஃபிக்ஸ்-புரோக்கன் ஓட்டுங்கள்' என்றே வருகிறது. அதை ஓட்டினால் ஐபஸ்-எம்17என்னை நீக்கட்டுமா என்று கேட்கிறது.

நீக்கச் சொல்லலாமா? மறுபடி முதலிலிருந்து நிறுவ வேண்டுமா?

கருந்திரை எழுதியது:

மறுபடி நிறுவ வேண்டாம். நான்கு பிழைக்கும் நான்கு தனித்தனிக் காரணங்கள். கடைசிப் பிழையோடு மல்லுக்கட்டாமல் முதலாவதிலிருந்து வாருங்கள். கட்டளைகளை ஒலிப்புப்படி எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்து. பெரிய எழுத்து வேண்டிய இடத்தைச் சொல்லிவிடுகிறேன்.

சூடோ: டெபியன் நிறுவியில் ரூட் கடவுச்சொல்லைக் காலியாக விட்டால்தான் முதல் பயனரை அது சூடோ குழுவில் சேர்க்கும். கொடுத்துவிட்டால் சேர்க்காது. பழுதில்லை, வடிவமைப்பே அப்படி. டெர்மினலில் 'எஸ்யூ -' கொடுங்கள். அந்தக் கோடு முக்கியம். பிறகு 'யூசர்மாட் -ஏஜி சூடோ உங்கள்பெயர்'. இதில் ஏ சிறியது, ஜி பெரியது. ஏ-வை விட்டுவிட்டால் மற்ற குழுக்களிலிருந்து உங்கள் பெயர் போய்விடும். முடிந்ததும் லாக் அவுட் செய்து மறுபடி உள்ளே வாருங்கள். புது டெர்மினல் திறந்தால் மட்டும் போதாது.

பாத்: உங்கள் மூன்றாவது பிழை அந்தக் கோட்டை விட்டதால் வந்தது. வெறும் 'எஸ்யூ' ரூட் உரிமையைத் தரும், ஆனால் சாதாரணப் பயனரின் பாத்தையே வைத்துக்கொள்ளும். அதில் நிர்வாகக் கட்டளைகள் இருக்கும் எஸ்பின் கோப்புறைகள் இல்லை. டிபிகேஜிக்கு வேண்டிய எல்டிகான்ஃபிக் அங்கேதான் இருக்கிறது. டெபியன் 10-லிருந்து இப்படித்தான். அதற்கு முந்திய பதிப்புகளுக்கு எழுதிய வழிகாட்டிகளில் வெறும் 'எஸ்யூ' என்றே இருக்கும், நம்பிப் போனால் இங்கே வந்து முட்டுவீர்கள்.

அரைகுறைப் பேக்கேஜ்: 'டிபிகேஜி -எல் ஐபஸ்-எம்17என்' பாருங்கள். வரியின் தொடக்கத்தில் இரண்டு எழுத்து நிற்கும். சரியாக நிறுவியதற்கு 'ஐஐ'. உங்களிடம் 'ஐயூ' இருக்கும், யூ பெரிய எழுத்தில். முதல் எழுத்து நீங்கள் விரும்பிய நிலை, இரண்டாவது இப்போதைய நிலை. யூ என்றால் பிரித்து வைத்தாயிற்று, கன்ஃபிகர் ஆகவில்லை. ஆப்ட் இதைத் தீர்க்காமல் வேறு எதையும் தொடாது. ஆகவே நீக்கச் சொல்வதுதான் சரி: 'சூடோ டிபிகேஜி -ஆர் ஐபஸ்-எம்17என்'. இதற்கு இணையம்கூடத் தேவையில்லை. பிறகு 'சூடோ டிபிகேஜி --ஆடிட்' எதுவும் சொல்லாமல் முடிந்தால் சுத்தம்.

சோர்ஸ்: '/ஈடிசி/ஆப்ட்/சோர்சஸ்.லிஸ்ட்' கோப்பை நானோ என்ற எழுத்துத் திருத்தியில் 'சூடோ நானோ' கொடுத்துத் திறங்கள். 'டெப் சிடிராம்:' என்று தொடங்கும் வரியின் முன்னால் # போடுங்கள். டிவிடியிலிருந்து இணையமின்றி நிறுவினால் ஆப்டுக்குத் தெரிந்த கடை அந்த டிஸ்க் ஒன்றுதான். பிரவுசரில் இணையம் வருவதற்கும் இதற்கும் தொடர்பில்லை. கீழே மூன்று வரி சேருங்கள். மூன்றும் 'டெப்' என்று தொடங்கும். முதல் இரண்டுக்கும் முகவரி டெப்.டெபியன்.ஆர்க் தளத்தின் டெபியன் கோப்புறை. ஒன்றில் பதிப்புப் பெயர் 'புக்வார்ம்', மற்றதில் 'புக்வார்ம்-அப்டேட்ஸ்'. மூன்றாவதற்கு செக்யூரிட்டி.டெபியன்.ஆர்க் தளத்தின் 'டெபியன்-செக்யூரிட்டி' கோப்புறை, பதிப்புப் பெயர் 'புக்வார்ம்-செக்யூரிட்டி'. ஒவ்வொரு வரியின் முடிவிலும் 'மெயின் கான்ட்ரிப் நான்-ஃப்ரீ நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்'. கடைசிச் சொல் டெபியன் 12-இல் புதிதாக வந்தது. வைஃபை ஃபர்ம்வேர் முன்பு நான்-ஃப்ரீயில் இருந்தது, இப்போது இங்கே.

'ஸ்டேபிள்' என்று பொதுவாக எழுதாதீர்கள். 2025 ஆகஸ்ட் 9 முதல் அந்தச் சொல் டெபியன் 13-ஐக் குறிக்கிறது. அடுத்த அப்கிரேடில் தெரியாமலே பதிப்பு மாறத் தொடங்கும்.

வேப்பங்காற்று எழுதியது:

அந்த டெப் கோப்பு ஏன் சேரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், இது தெரியாவிட்டால் அடுத்த வாரம் வேறொரு கோப்போடு இதே இடத்தில் நிற்க நேரிடும்.

பெயரின் முடிவில் உள்ள 'டி64' தற்செயலானதல்ல. 32 பிட்டில் நேரத்தை எண்ணும் நிரல்கள் 2038 ஜனவரி 19-க்கு அப்பால் எண்ண முடியாது. அதைச் சரிசெய்ய 32 பிட் ஆர்ம் செயலி போன்றவற்றில் நேர மாறியை 64 பிட்டாக்கினார்கள். பழைய லைப்ரரியும் புதியதும் கலந்துவிடக் கூடாது என்று பேக்கேஜ் பெயரையே மாற்றினார்கள். உங்கள் 64 பிட் கணினியில் நேரம் முன்பே 64 பிட்தான், ஆனாலும் பெயர் எல்லா வகைக் கணினிக்கும் சேர்த்தே மாறியது. உபுண்டு 24.04-இலும் டெபியன் 13-இலும் இந்தப் பெயர்கள் உண்டு. டெபியன் 12-இல் அதே லைப்ரரி 'லிப்கிலிப்2.0-0'. டி64 என்ற பெயரை எந்த டெபியன் 12 சர்வரில் தேடினாலும் கிடைக்காது.

பெயர் பொருந்தினாலும் அடுத்த சுவர் ஜிலிப்சி என்ற அடிப்படை லைப்ரரி. டெபியன் 12-இல் 2.36, உபுண்டு 24.04-இல் 2.39. 2.38 வேண்டும் என்று கேட்கும் பேக்கேஜ் இங்கே ஏறாது. தயவுசெய்து லிப்சி6-ஐ (ஜிலிப்சி உள்ள பேக்கேஜ்) மட்டும் உபுண்டுவிலிருந்து எடுத்துப் போட்டுப் பார்க்காதீர்கள். கணினியில் பெரும்பாலான நிரல்கள் அதன்மேல்தான் நிற்கின்றன, பழைய பதிப்புக்குத் திரும்புவதை டெபியன் ஆதரிப்பதில்லை. மறுநிறுவல் உண்மையிலேயே தேவைப்படுவது அந்த நிலையில்தான்.

டெபியன் 12-க்கென்றே வந்த தனி டெப் கோப்பாக இருந்தால், டிபிகேஜியை விட்டு, கோப்பு இருக்கும் கோப்புறையிலிருந்து 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ./கோப்புப்பெயர்' கொடுங்கள். ஆப்ட் முதலில் சார்புகளைக் கணக்குப் பார்க்கும். முடியாதென்றால் எதையும் பிரிக்காமலே மறுத்துவிடும். டிபிகேஜி முதலில் பிரித்துவிட்டு அப்புறம்தான் புலம்பும்.

மருதநிலம் எழுதியது:

சூடோ சரி. 'ஐயூ' இருந்தது, நீக்கியாயிற்று, ஆடிட் எதுவும் சொல்லவில்லை. மூன்று வரியும் சேர்த்தாயிற்று. இப்போது 'ஆப்ட் அப்டேட்' ரிலீஸ் கோப்பு 'இன்னும் செல்லுபடியாகவில்லை' என்கிறது. இன்னும் பல நூறு நாள் ஆகும் என்று கணக்கும் காட்டுகிறது. இன்னொரு முறை ஓட்டியபோது லாக்-ஃப்ரன்ட்எண்ட் பூட்டை பேக்கேஜ்கிட்டிடி வைத்திருப்பதாகச் சொன்னது. பூட்டுக் கோப்பை அழித்துவிடலாமா?

கருந்திரை எழுதியது:

அழிக்காதீர்கள். பூட்டு என்பது அந்தக் கோப்பு இருப்பதல்ல, அதை ஒரு நிரல் பிடித்திருப்பதாகக் கர்னல் (இயங்குதளத்தின் மையம்) வைத்திருக்கும் கணக்கு. கோப்பை அழித்தால் அடுத்து வரும் நிரல் புதுக் கோப்பை உண்டாக்கி அதைப் பூட்டிக்கொள்ளும். பழையதும் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் டிபிகேஜியின் ஸ்டேட்டஸ் கோப்பில் எழுதினால் பேக்கேஜ் பட்டியலே கெடும். பேக்கேஜ்கிட் என்பது குனோம் மென்பொருள் கடையின் பின்னணி வேலையாள், இணையம் கிடைத்ததும் புதுப்பிப்புகளைப் பார்க்கிறது. சில நிமிடம் விடுங்கள். அவசரமென்றால் முதலில் குனோம் மென்பொருள் கடை எதையும் நிறுவிக்கொண்டிருக்கவில்லை என்று பார்த்துவிட்டு 'சூடோ சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப் பேக்கேஜ்கிட்'.

நேரப் பிழைக்கு 'டைம்டேட்சிடிஎல்' கொடுத்து ஆண்டைப் பாருங்கள். நாள்கணக்கில் பின்தங்கியிருந்தால் பெரும்பாலும் மதர்போர்டின் சிஆர்2032 பட்டன் செல் தீர்ந்திருக்கும். 'சூடோ டைம்டேட்சிடிஎல் செட்-என்டிபி ட்ரூ' கொடுத்தால் இணையத்திலிருந்து நேரம் எடுத்துக்கொள்ளும். செல்லை மாற்றாவிட்டால் மின்சாரம் முழுதும் துண்டித்த ஒவ்வொரு முறையும் கடிகாரம் பின்னுக்குப் போகும்.

தேதிச் சோதனையை அணைக்கும் ஆப்ட் அமைப்பு ஒன்று உண்டு. அதைப் பரிந்துரைக்கும் பதில்கள் நிறையக் கிடைக்கும், வேண்டாம். பழைய பட்டியலைப் புதிது போலக் காட்டி உங்களை ஏமாற்றாமல் இருக்கவே இந்தத் தேதிகளைப் பார்க்கிறார்கள். பிழை உங்கள் கடிகாரத்தில், அதைத் திருத்துங்கள்.

வேப்பங்காற்று எழுதியது:

நேரம் சரியானதும் 'சூடோ ஆப்ட் அப்டேட்', பிறகு 'ஆப்ட்-கேஷ் பாலிசி ஐபஸ்-எம்17என்'. 'கேண்டிடேட்' வரியில் பதிப்பு எண் வர வேண்டும், கீழே டெப்.டெபியன்.ஆர்க் தெரிய வேண்டும். 'நன்' என்று வந்தால் சோர்சஸ்.லிஸ்டில் எழுத்துப்பிழை, அங்கே திரும்பிப் போங்கள். எண் வந்தால் 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஐபஸ்-எம்17என் ஃபான்ட்ஸ்-லோஹித்-டிஏஎம்எல்'. இரண்டாவது தமிழ் எழுத்துரு. ஒய் தட்டுமுன், நீக்கப்படுபவை என்ற பட்டியல் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த இரண்டுக்கும் எதையும் நீக்க வேண்டிய அவசியமில்லை.

நிறுவியதும் லாக் அவுட் செய்து வந்தால்தான் குனோம் அதைக் காணும். அமைப்புகள், விசைப்பலகை, உள்ளீட்டு மூலங்கள், கூட்டல் குறி, தமிழ். அங்கே பல தளக்கோலங்கள் இருக்கும். 'தமிழ்99 (எம்17என்)' என்பதைத் தேர்ந்தெடுங்கள். சூப்பர் விசையும் ஸ்பேஸும் சேர்த்துத் தட்டினால் மாறும்.

மருதநிலம் எழுதியது:

ஆண்டு 2022 என்று இருந்தது. திருத்தியதும் அப்டேட் பிழையின்றி முடிந்தது, கேண்டிடேட் வரியில் எண் வந்தது, நிறுவியாயிற்று. இப்போது 'ஐஐ'. இந்தப் பதிலைத் தமிழ்99-இல்தான் தட்டுகிறேன். பட்டன் செல் நாளை வாங்கிப் போடுகிறேன். இருவருக்கும் மிக்க நன்றி.